எழ மறுத்த கணினிக்குள் ஒன்பது பேர்

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கணினி மூன்றாவது முறையாகத் தானே அணைந்து தானே மறுபடி தொடங்கியபோது, நான் முதலில் செய்த காரியம் அறைக்கதவைச் சாத்தியதுதான். பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. முகப்புப் படம் வந்துவிடும் என்று நான் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் திரை இருண்டு, எல்லாம் முதல் வரியிலிருந்து தொடங்கியது. நான்காவது முறை முகப்புப் படம் அரைகுறையாகத் தெரிந்தது. ஐந்தாவது முறை அதுவும் வரவில்லை.

அந்தப் பெட்டிக்குள் ஒன்பது பெண்கள் சொன்னவை இருந்தன. அவற்றைத் திங்கட்கிழமை காலை ஒருவரிடம் நான் ஒப்படைத்தாக வேண்டும். வேறெங்கும் அவற்றுக்கு நகல் இல்லை.

சமூகவியலில் முதுகலை முடித்த கையோடு, எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் ஒட்டிஒட்டிக் கட்டிய ஒற்றை அறை லைன் வீடுகளின் பிள்ளைகளுக்கு நான் மாலைநேரப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில ஆண்டுகள் அவை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களில் ஒன்பது பேர் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்தார்கள். அங்கே கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். முப்பது தையல் இயந்திரங்கள் கொண்ட ஒரு வரிசைக்கு ஒரே ஒரு மரக்கட்டை. அது சூப்பர்வைசரின் மேசைமேல் இருக்கும். ஒருத்தி அதை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தால்தான் அடுத்தவள் எழலாம். அதற்குப் பயந்து காலையில் தண்ணீர் குடிக்காமலே வேலைக்குப் போவதைப் பற்றியும், நீர்க்கடுப்புக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதைப் பற்றியும், பருப்பு வேகவில்லை என்று சொல்லும் அதே குரலில் அவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

வெளிநாட்டில் இருந்து ஆடை வாங்குகிறவர்கள், அவற்றைத் தைப்பவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்த்துவர அவ்வப்போது ஆள் அனுப்புவார்கள். ஊரில் அதற்கு ஆடிட் என்று பெயர். ஆடிட்டுக்கு முதல் நாள் கம்பெனிச் சுவர்களுக்கு வெள்ளை அடிக்கப்படும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிரம்பும். டோக்கன் கட்டைகள் கண்ணில் படாமல் போய்விடும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று வரிசை வரிசையாக ஒத்திகை நடக்கும். அந்த முறை ஆடிட்டுக்கு வரவிருந்த பெண்மணியை நான் ஒரு கூட்டத்தில் தற்செயலாகச் சந்தித்தேன். எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் தன்னால் எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தொழிலாளர்கள் தங்கள் சொற்களிலேயே, பெயரில்லாமல் சொன்னதை எழுத்தில் கொடுத்தால், திங்கட்கிழமை கம்பெனிக்குள் நுழையுமுன் வாங்கிக்கொள்வதாகவும் கூறினார்.

ஒன்பது பேரும் சம்மதித்தார்கள். ஆனால் அவர்களில் மூத்தவரான திருநெல்வேலிக்காரப் பெண் ஒரு நிபந்தனை விதித்தார்.

"பேப்பர்ல இருக்கக் கூடாது டீச்சர். பேப்பரு எந்தக் கைக்கும் போவும். உங்க பெட்டியில ஏத்திட்டு, எழுதினத எங்க கண்ணு முன்னாலயே கிழிச்சிருங்க. அந்தம்மாகிட்ட குடுக்கும்போது மட்டும் அச்செடுத்துக்கிடுங்க."

அப்படியே செய்தேன். தட்டச்சு செய்ததை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகு, என் குறிப்பேட்டின் தாள்களை அவர்கள் முன்னிலையில் கிழித்தேன். அந்த மூத்தவர் அவற்றை வாங்கி அடுப்பில் போட்டார். ஃபிளாப்பியில்கூட நான் நகல் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் இருந்தால் ஒரே இடத்தைக் காவல் காத்தால் போதும் என்பது என் எண்ணம். அந்த இடமே என்னை உள்ளே விடாமல் போகக்கூடும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டின் முன்பகுதியில், துணியின் ஓரத்தை அரிந்து தைக்கும் ஆறு ஓவர்லாக் இயந்திரங்களை வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார் அப்பா. குண்டடம் பக்கத்தில் மேட்டாங்காட்டு மானாவாரி விவசாயத்தை விட்டு வந்தவர் அவர். இயந்திரம் ஒன்று முனகினால், அது எந்த மூலையில் இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். நான் கதவைச் சாத்திய சத்தமும் அவர் காதுக்குப் போய்விட்டது.

"என்ன கண்ணு, பட்டப்பகல்ல கதவச் சாத்திட்டு?"

"கம்ப்யூட்டர் சரியா ஆன் ஆக மாட்டேங்குதுங்ப்பா."

"இதுக்கா மொகம் இப்படி வெளுத்துக் கெடக்குது? சர்வீஸ் தம்பியக் கூப்பிடு. பத்து நிமிசத்துல பாத்துப்போட்டுப் போயிருவாரு."

"வேண்டாங்ப்பா. நானே பாத்துக்கறேன்."

"நீ படிச்சது மனுசங்களப் பத்தியல்லோ கண்ணு? இது மிசினு."

அந்தச் சர்வீஸ்காரர் கெட்டிக்காரர், பண்பானவர். ஆனால் அந்த ஒன்பது பேர் வேலை செய்த பனியன் கம்பெனியின் அலுவலகக் கணினிகளையும் அவர்தான் பராமரித்துவந்தார். வாராவாரம் அங்கே போய் மேலாளரோடு டீ குடிப்பவர். என் கோப்பில் சரிபார்ப்பதற்காக ஒன்பது பேரின் பெயர்களும் முகப்பிலேயே இருந்தன. அவர் தீய எண்ணத்தோடு எதையும் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. நல்லவர்களும் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிடக்கூடும். அதன் விளைவை அனுபவிக்கப் போவது நானும் அல்ல, அவரும் அல்ல. இதை அப்பாவிடம் சொல்ல முடியாமல் நின்றேன்.

அதற்குள் அவர் ஸ்குரூ டிரைவரோடு வந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டார். உள்ளே எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்திருந்தது. ஆறு ஓவர்லாக்குகள் நாள் முழுக்கத் துணியை அரிந்து தைக்கிற வீட்டில் மூச்சுக்குள்ளேயே பஞ்சு போகும்போது கணினிக்குள் போகாதா?

"பாத்தியா? அடைச்சுப் போயிருக்குது. ஓவர்லாக்கு நின்னா என்ன பண்றோம்? காத்தடிக்கிறோம். ஓடுது. இதுக்கும் அதே வைத்தியந்தான்."

நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் எந்த இயந்திரத்துக்கு எந்த நோய் வந்தாலும் முதல் மருந்து காற்றுதான். காற்றை அடைத்துவைக்கும் கம்ப்ரசரில் இருந்து வரும் குழாயின் முனையில் இருக்கும் காற்றுத் துப்பாக்கியை அழுத்தினால், ஊசிக்கடியில் ஒளிந்திருக்கும் பஞ்சுகூடப் பறந்துவிடும். அப்படிப் பிழைத்தெழுந்த இயந்திரங்களைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையோடுதான் பெட்டியை ஒரு பக்கம் பிடித்து, முன்பகுதிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கம்ப்ரசர் தொட்டிக்குள் காற்றின் ஈரம் தண்ணீராகத் தேங்கும். தினமும் காலையில் அடித் திருகைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். அது ஐப்பசி மழைக்காலம். அன்று மின்சாரம் பத்து மணிக்குத்தான் வந்தது. வந்ததும் வேலையைத் தொடங்கும் அவசரத்தில் திருகைத் திறக்க மறந்திருந்தார்கள். அப்பா முதலில் அழுத்தியபோது வெள்ளைப் புகைபோலப் பஞ்சு பறந்தது. இரண்டாம் முறை துப்பாக்கி இருமியது. எண்ணெய் கலந்த தண்ணீர் கணினியின் பச்சை மின்சுற்றுப் பலகை முழுவதும் தெறித்தது.

"நிறுத்துங்கப்பா!"

ஆறு இயந்திரங்களும் நின்றன. தைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கையிலிருந்த பனியன் வேஸ்ட் துணியால் பலகையை ஒற்றத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

"தண்ணி தொறந்து உடலையா நானு... அட என்ற புத்திய..."

பெட்டியை மின்சாரத்தில் இணைத்திருக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அறைக்குக் கொண்டுவந்ததும், பாவம், அவர் மறுபடியும் சர்வீஸ்காரரின் பேச்சை எடுத்தார். தாமே அவருக்குப் போன் போடுவதாகச் சொன்னார். அதற்குமேல் மறைக்க முடியாமல், உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிட்டேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கம்பெனி?"

சொன்னேன். அவர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நம்முளுது ஆறு மிசினு. நமக்கு டோக்கன் வேண்டியதில்ல. அவங்களுக்கு ஒரு லைனு நின்னா ஷிப்மெண்டு நிக்கும் கண்ணு. அதையும் நீ யோசிக்கோணும்."

"காலைலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்லீங்ப்பா அவங்க."

 எழுந்து வாசல்வரை போனவர், அங்கிருந்தபடியே சொன்னார்: "அப்படின்னா அந்தத் தம்பியக் கூப்பிட வேண்டாம்."

சனிக்கிழமை முழுவதும் கணினியின் உறுப்புகள் மொட்டைமாடியில் எவர்சில்வர் தட்டுகளில் காய்ந்தன. வெயில் வருவதும் மேகம் மூடுவதுமாக இருந்தது. அரைமணிக்கு ஒருமுறை அப்பா படியேறி வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மாலையில் எல்லாவற்றையும் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து நீண்ட ஒலிகள் மட்டும் விட்டுவிட்டு எழுந்தன. கணினி வகுப்பில் படித்த பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். நினைவகத் தகடு சரியாகத் தொடர்பு கொள்ளாவிட்டால் அப்படி ஒலிக்கும் என்றிருந்தது. தகட்டைக் கழற்றி, அதன் பித்தளை நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பொருத்தினேன். அதே ஒலி.

நினைவிலிருந்து எழுதிவிடலாமா என்று யோசித்தேன். ஒன்பது பேர் சொன்னதன் சாரம் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் எழுதினால் அது என் நடையில், என் கோபத்தில் இருக்கும். அவர்கள் சரிபார்க்காத ஒன்றை அவர்களுடையது என்று கொடுப்பது பொய். அந்தப் பெண்மணி அதை நம்பிக் கேள்வி கேட்டு, பதில் பொருந்தாமல் போனால், மாட்டிக்கொள்பவர்கள் அவர்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லவே கூடாது என்று நினைத்திருந்ததைச் சொல்லப் பின்சந்துக்குப் போனேன்.

வாரத்தில் ஒருநாள் விடுமுறை. லைன் வீடுகளின் பொதுக் குழாயடியில் துணிகள் மலைபோல் குவிந்திருந்தன. திருநெல்வேலிக்காரப் பெண்ணின் ஒற்றை அறைக்குள் ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். கணினி எழவில்லை, அவர்கள் சொன்னவை போய்விட்டன, அந்தப் பெண்மணி வருவது நாளைக் காலை என்று சொன்னேன். தண்ணீர் தெறித்த கதையையும் மறைக்கவில்லை.

"காத்தடிச்சீங்களா!" என்று திருநெல்வேலிக்காரப் பெண் வாயில் கைவைத்தார். "இம்புட்டுப் படிச்சிட்டு எங்க மெக்கானிக் பண்ணுத வேலையப் பண்ணியிருக்கீங்களே டீச்சர்!"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுக்கென்ன. வாயி எங்ககிட்டதான இருக்கு, பெட்டிக்குள்ளயா போச்சு? திரும்பச் சொல்லுதோம், எழுதிக்கிடுங்க."

நான் தாளை எடுத்தேன். அப்போதுதான் கதவோரம் உட்கார்ந்திருந்த பெண் மெல்லச் சொன்னாள்: "எனக்கு வேண்டாம் டீச்சர். எங்க வீட்டுக்காரரு போன வாரந்தான் அங்கனயே துணி வெட்டுற கட்டிங்ல சேந்திருக்காரு."

அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. பிறகு அக்காளும் தங்கையுமான இருவர், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தாங்களும் இல்லை என்றார்கள். யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "போய்த் துணிய அலசுங்கட்டி, குழாய்ல தண்ணி நின்னுரும்" என்று திருநெல்வேலிக்காரப் பெண் அவர்களை அனுப்பிவைத்தார். நால்வரும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

மீதி ஐந்து பேர் மறுபடி சொன்னார்கள். முதல் முறை சொன்னதைவிடச் சுருக்கமாக, இடையில் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு. ஐந்தாவதாகப் பேசியவள் மதுரைப் பக்கத்துக்காரி. அவர்களில் இளையவள் அவள்தான். சென்ற முறை சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள்.

"ஆடிட்டு அன்னைக்கு அந்தக் கட்டைகளை எங்க போடுவாங்கன்னு எழுதலையே டீச்சர்? ஸ்டோர்ல, காலி நூல்கோன் அட்டைப்பெட்டிக்குள்ள. மேல ரெண்டு கோனை வச்சு மூடிருவாங்க."

பேனா நின்றது. "அது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"நூல் எடுக்க ஸ்டோருக்குப் போற நாலஞ்சு பேருக்குத் தெரியும்."

"அப்படின்னா சொன்னது யாருன்னு கண்டுபிடிக்கறது சுலபமாயிடுமே?" வேண்டாம் என்று சொல்வாள் என்றும், அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்றும் எனக்குள் ஓர் ஆசை இருந்தது.

"எழுதுங்க டீச்சர்," என்றாள்.

வீடு திரும்பியபோது அப்பா பெட்டியை மறுபடி திறந்துவைத்து, எதையும் தொடாமல் அதன்முன் உட்கார்ந்திருந்தார். கையால் எழுதிய தாளை அப்படியே கொடுக்க எனக்கு மனமில்லை. எழுத்து என்னுடையதுதான் என்றாலும், அவர்கள் கேட்டுக்கொண்டது கையால் எழுதிய தாள் எதுவும் மிஞ்சக் கூடாது என்றுதான். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, இதுவரை நான் தொடத் துணியாத விசிறியைக் கழற்றினேன். அதன் அடியிலிருந்த அலுமினிய இடுக்குகளின்மேல் பஞ்சு ஒரு துணியாகவே படிந்திருந்தது. கத்தி முனையால் நெம்பியதும், கனத்த கம்பளித் துண்டுபோல ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. மேலே வெள்ளை, நடுவில் கருநீலம், அடியில் சிவப்பு. எந்த மாதம் எந்த ஆர்டர் ஓடியது என்று அப்பா அதில் விரல் வைத்துச் சொன்னார். கணினி சூடேறித் தானே அணைந்ததற்குக் காரணம் அந்த வில்லைதான். நாங்கள் அடித்த காற்று அதைப் பறக்கவிடாமல் இன்னும் இறுக்கியிருந்தது.

நினைவகத் தகட்டை இந்த முறை பக்கத்துப் பள்ளத்தில் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு குட்டி ஒலி. வெள்ளை எழுத்துகள். முகப்புப் படம்.  படம் நிலைத்து நின்றது.

"ஓடிருச்சு!" அப்பா தொடையைத் தட்டினார். "ஒம்போது பேரும் இருக்கறாங்களா, பாரு."

கோப்பைத் திறந்தேன். இருந்தார்கள்.

"அப்புறமென்ன? பிரிண்டு போடு."

"நாலு பேர் காலைல வேண்டாம்னு சொல்லிட்டாங்ப்பா."

 அப்போது அவர், இதுவரை நான் எடைபோடாத ஒன்றைச் சொன்னார்: "ஒம்போது பேர்னா கூட்டம். யாருன்னு சொல்ல முடியாது. அஞ்சு பேர்னா வெரல் உட்டு எண்ணிப்போடுவாங்க. நீ அந்த நாலு பேரக் காப்பாத்தறதுக்கு இந்த அஞ்சு பேர வெளிய நிறுத்தற கண்ணு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் என்னை வதைத்தது. நால்வரின் சொற்கள் என் கைக்குள் இருந்தன. பெயரில்லாமல்தான் போகும், அவர்களுக்குத் தெரியப்போவதுமில்லை, ஐவருக்கு அது ஒரு மறைப்பு. ஆனால் கணினி ஒழுங்காக எழுந்திருந்தால் நான் அவர்களிடம் இரண்டாம் முறை கேட்டிருக்கவே மாட்டேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒருமுறை சரி என்றவர்கள், கணவருக்கு வேலை கிடைத்த பிறகும், பயம் வந்த பிறகும், என்றைக்கும் சரி என்றே சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். நால்வரின் பக்கங்களையும் அழித்தேன். மதுரைக்காரி புதிதாகச் சொன்னதைச் சேர்த்தேன். அச்செடுக்கும் முன் மறுபடி பின்சந்துக்குப் போய், ஐந்து பேர் மட்டும் என்பதால் ஆபத்து கூடுதல் என்று, அப்பா சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன்.

திருநெல்வேலிக்காரப் பெண் துணி பிழிவதை நிறுத்தவில்லை. "காலையில வாயத் தொறக்கும்போதே அஞ்சு பேருதான்னு பாத்துட்டுத்தான டீச்சர் சொன்னோம்? எங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த விடுதி வாசலில் அந்தப் பெண்மணி உறையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"ஒன்பது பேர் என்றீர்களே?"

"ஐந்து பேர்."

அன்று பகல் முழுவதும் என்னால் எதிலும் மனம் செலுத்த முடியவில்லை. மாலையில் வேலை விட்டு வந்தவர்கள் சொன்னார்கள்: அந்தப் பெண்மணி வரிசைகளையெல்லாம் பார்த்து, எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்களைக் குறித்துக்கொண்டு, கடைசியில் ஸ்டோருக்குப் போய்க் காலி அட்டைப்பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னாராம். மறுவாரம் கட்டைகள் மேசைக்குத் திரும்பவில்லை. திரும்பாது என்று யாரும் அறிவிக்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து மதுரைக்காரியைத் தையலில் இருந்து மேல்தளத்தில் இஸ்திரி போடும் ஐயர்ன் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே ஆள் குறைவு என்று காரணம் சொன்னார்களாம். உண்மையிலேயே ஆள் குறைவாக இருந்திருக்கலாம். நான் கேட்டபோது, "அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா வீட்டுக்கே அனுப்பியிருப்பாங்க டீச்சர்" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, அவளே அப்படித்தான் நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஐயர்ன் பகுதிக்காரர்கள் வேலை முடிந்து இறங்க மற்றவர்களைவிட அரைமணி கூடுதலாகும். அந்த அரைமணி நேரமும் பிள்ளைகள் நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள். நான் வாசலில் நின்று சந்துமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மதுரைக்காரியின் தலை தெரிந்த பிறகுதான் அன்றைய பாடம் தொடங்கும். ஏன் தாமதம் என்று பிள்ளைகள் முதலில் கேட்டார்கள். பிறகு, பாடம் அந்த நேரத்துக்குத்தான் என்று பழகிக்கொண்டார்கள்.